துணைப் பயிற்சியாளர் என்றொரு தொழில்



மருத்துவம், பொறியியல், வணிகம், வளைகுடா வேலை என்பவையே நம் குடும்பங்களில் ஓர் ஆண்பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி வழக்கமாக எழும் பேச்சு. என் லாத்தாவின் மகன் சொன்ன தொழில் அந்தப் பட்டியலில் இல்லை. முழங்காலில் தசைநார் கிழிந்து, இருபத்தொரு வயதில் ஆட்டத்தை நிறுத்த நேர்ந்த அவன், கால்பந்துத் துணைப் பயிற்சியாளர் ஆகப்போவதாகச் சொன்னான். கால்பந்து எங்கள் காயல்பட்டினத்துக்குப் புதிதன்று. ஆயினும் அதை ரிஸ்க்குக்கு வழியாகக் கொள்வது வேறு காரியம். மச்சான் துபாயில் அவனுக்கு ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். குடும்ப மஷூராவில் நான் எடுத்துவைத்தவற்றை, இதே நிலையில் உள்ள பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று இங்கே எழுதுகிறேன்.

துணைப் பயிற்சியாளரின் உழைப்பு வெளியே தெரிவதில்லை. வீரர்கள் வருமுன் திடலில் கூம்புகளை அடுக்குவது, எதிரணியின் பழைய ஆட்டங்களைக் காணொளியில் பார்த்துக் குறிப்பெடுப்பது, கார்னர் உதையின்போது யார் எங்கே நிற்பது என்று பழக்குவது, காயத்திலிருந்து மீள்பவனோடு தனியே ஓடுவது, அணியில் இடம் கிடைக்காதவனிடம் ஆறுதலாகப் பேசுவது ஆகிய யாவும் அவர் பொறுப்பு. வெற்றியின் புகழ் தலைமைப் பயிற்சியாளருக்குச் செல்லும். தோல்வியால் அவர் நீக்கப்பட்டால், பெரும்பாலும் துணைவரும் உடன் கிளம்ப வேண்டியதுதான்.

ஜெர்மனியின் யூலியான் நாகெல்ஸ்மானைப் பற்றி முதலில் சொன்னேன். 1987இல் பிறந்த அவர், ஆக்ஸ்பர்க் கழகத்தின் இரண்டாம் அணியில் இருந்தபோது முழங்கால் காயத்தால் இருபது வயதிலேயே ஆட்டத்தை விட நேர்ந்தது. அவ்வணியின் பயிற்சியாளர் தோமஸ் டூகல், எதிரணிகளை நேரில் பார்த்து அறிக்கை தரும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். பின்பு மியூனிக் 1860 கழகத்தில் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் துணைப் பயிற்சியாளர் ஆனார். 2010இல் ஹோஃபன்ஹைம் சென்று இளையோர் அணிகளிலும், இடையே முதன்மை அணியில் துணைப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். விளையாட்டு அறிவியலும் படித்தார். 2016 பிப்ரவரியில், பதினெட்டு அணிகளுள் பதினேழாம் இடத்தில் கிடந்த ஹோஃபன்ஹைம், 28 வயதில் அவர் பொறுப்புக்கு வந்தது. அப்பருவத்தில் அது தரமிறங்காமல் தப்பியது. 2023இல் ஜெர்மன் தேசிய அணியின் பயிற்சியாளரானார். காயத்துக்கும் அந்த முதல் தலைமைப் பொறுப்புக்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பெயர் தெரியாத உழைப்பு இருக்கிறது.

நம் நாட்டில் காலித் ஜமீல் இருக்கிறார். 2017இல் ஐஸால் அணியை ஐ-லீக் சாம்பியனாக்கிய தலைமைப் பயிற்சியாளர் அவர். அதன்பின்னும் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியில் துணைப் பயிற்சியாளராகப் பணியேற்றார். 2021 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டபோது இடைக்காலப் பொறுப்பேற்று, அணியை ஐஎஸ்எல் அரையிறுதி வரை கொண்டு சென்றார். 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். தலைவராக இருந்தவர் துணைவராக இறங்கி வேலை செய்ததைத்தான் மருமகன் கவனிக்க வேண்டும் என்றேன்.

மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்கள் சொன்ன இருவரும் கரையேறியவர்கள். கரையேறாதவர்கள் எத்தனை பேர்?" என்றார். நியாயமான கேள்வி. பெரும்பாலோர் பள்ளி அணிகளிலும் சிறு கழகங்களிலுமே காலம் கழிக்கிறார்கள். தொடக்கநிலைச் சான்றிதழுக்குப் பின், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, புரோ என்று நான்கு படிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பணமும் அனுபவமும் தேவை, ஒப்பந்தங்கள் குறுகியவை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆகவே, கையில் இன்னொரு தொழிலுக்கான படிப்பும் இருக்க வேண்டும் என்பதை அனைவரும் ஏற்றோம்.

லாத்தாவின் கவலை தொழுகையும் நோன்பும். 2022 ஏப்ரலில், ஆக்ஸ்பர்க் – மைன்ஸ் ஆட்டத்தின் நடுவே நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, மூசா நியகாத்தே நோன்பு திறக்க இடம் தந்ததைச் சொன்னேன். கேட்கத் தயங்காதவனுக்கு வழி பிறக்கும். ஆனால் சூதாட்ட விளம்பரம் தாங்கிய சட்டைகளும் கால்பந்தில் உண்டு. அத்தகைய கழகம் அழைத்தால் என்ன செய்வாய் என்று லாத்தா மகனிடமே கேட்டார். "போக மாட்டேன், உம்மா" என்றான். அந்தச் சொல்லின் விலை என்ன என்பது சம்பளம் வரும் நாளில்தான் அவனுக்குத் தெரியும். அதையும் அவனிடம் மறைக்கவில்லை.

இறுதியில் துபாய் வேலை வேண்டாம் என்று முடிவாயிற்று. மூன்று ஆண்டுகள் அவகாசம். காலையில் சிறுவர் அணி ஒன்றுக்கு ஊதியமின்றித் துணைப் பயிற்சி, பகலில் வணிகவியல் படிப்பு, முதல் சான்றிதழுக்கான கட்டணம் மச்சானுடையது. சி சான்றிதழை எட்டாவிட்டால் மறுபடியும் மஷூரா.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டால், ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் முன்னால், யாரும் பாராட்டாத வேலையை அவன் எத்தனை நாள் செய்வான் என்று பாருங்கள். எங்கள் மருமகன் ஆறு வாரமாக ஃபஜ்ரு தொழுததும் திடலுக்குப் போய்க் கூம்பு அடுக்குகிறான். அவனுக்காகத் துஆச் செய்யுங்கள்.