பூசும் முன் பார்க்க வேண்டிய சுவர்

கொத்தனாரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர் கட்டி முடித்த வீட்டைத்தான் பார்க்கிறார்கள். பெயின்ட் அடித்து, டைல்ஸ் ஒட்டி, வாசலில் மாவிலை தொங்கும் வீட்டில் கொத்தனாரின் வேலை எதுவும் வெளியே தெரியாது. பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும். வளைந்த சுவரையும் அரை அங்குலம் கூடுதலாகப் பூசி நேராக்கிவிடலாம். அதற்கான சிமென்ட் காசு வீட்டுக்காரருடையது. விரிசல் வரும்போது கொத்தனார் வேறு ஊரில் வேறு வீட்டில் இருப்பார்.

ராசிபுரம் பக்கத்தில் அக்கா வீடு கட்ட முடிவு செய்தபோது, ஆள் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் சொன்ன யோசனை இது: "முடிஞ்ச வீட்டைப் பாக்காதீங்க தம்பி. செங்கல் கட்டு நடக்கற எடத்துக்குப் போங்க. சொல்லாமப் போங்க." அப்படித்தான் சேலம், நாமக்கல் சமவெளியில் வேலை நடக்கும் இடங்களாகப் பார்த்துப் போய் நின்றேன். மல்லூர் பக்கம், ஆண்டகளூர்கேட் பக்கம், மோகனூர் போகும் வழி என்று பல இடங்கள். அவற்றில் ஒரு மேஸ்திரியின் வேலையிடத்தில் மட்டும் காலையிலிருந்து பொழுது சாயும் வரை இருந்துவிட்டேன்.

அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. பேச்சு குறைவு. நான் போனபோது ஒன்பது அங்குலச் சுவரின் இரண்டு மூலைகளையும் படிப்படியாக எழுப்பிக்கொண்டிருந்தார். நடுவே எதுவும் இல்லை. மூலைதான் முதலில் ஏற வேண்டும். அதில்தான் தலைமைக் கொத்தனார் கை வைப்பார். இரண்டு மூலைக்கும் நூல் கட்டிய பிறகு நடுச்சுவரை மற்றவர்கள் நிரப்புவார்கள். ஒவ்வொரு நாலைந்து வரிக்கும் தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தார். கட்டை சுவரைத் தொட்டிருக்க, கீழே குண்டு சுவரை உரசாமல், விலகாமல் நிற்க வேண்டும். பத்தடி உயரத்துக்குக் கால் அங்குலம் வரை சாய்வு இருக்கலாம் என்று இந்தியத் தர விதி இடம் கொடுக்கிறது. அவர் அந்தக் கால் அங்குலத்தையும் விடவில்லை. ஒரு கல்லை எடுத்து, சாந்தைச் சுரண்டி, மறுபடி வைத்தார்.

கல் வைக்கும் ஒழுங்கைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும். ஒரு வரியில் கல்லை நீளவாக்கில் வைத்தால் அடுத்த வரியில் குறுக்கே வைக்கிறார். கீழ் வரியில் இரண்டு கல் சேரும் இடத்துக்கு நேர்மேலே இன்னொரு சேர்மானம் வரவே கூடாது. வந்தால் அந்தக் கோடு வழியாகத்தான் சுவர் பிளக்கும். இதற்காக மூலையில் ஒரு துண்டுக் கல்லைக் கொடுத்து வரியை நகர்த்துகிறார். அந்தத் துண்டைக் கரணையின் விளிம்பால் ஒரே தட்டில் வெட்டியதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவசரக்காரர்கள் துண்டு வெட்டச் சோம்பி, இடைவெளியைச் சாந்தால் அடைத்துவிடுவார்கள். மோகனூர் வழியில் பார்த்த ஒரு சுவரில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சாந்து அடைத்த சேர்மானங்கள் இருந்தன. சேர்மானம் அரை அங்குலத்துக்குள் இருப்பதுதான் முறை. அந்தச் சுவரைப் பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்?

கல்லை நனைப்பது பற்றி அவரிடம் கேட்டேன். "கல்லு தண்ணி குடிச்சிருக்கணுங்க. இல்லீன்னா சாந்துல இருக்கற தண்ணிய அது குடிச்சுரும். அப்பறம் சிமென்ட்டு எதுல இறுகும்?" என்றார். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று மோதிக் காட்டினார். கணீரென்று சத்தம் வந்தது. நகத்தால் கீறினால் தடம் விழவில்லை. இந்தச் சோதனைக்குக் கருவியும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். செங்கல் லோடு இறங்கும்போது வீட்டுக்காரர் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும்.

மாலை நாலு மணிக்குச் சுவர் ஏறக்குறைய ஐந்தடியைத் தொட்டது. அதோடு நிறுத்திவிட்டு அடுத்த சுவருக்குப் போனார். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை, லிண்டல் மட்டம் வரை இன்றே ஏற்றினால் என்ன என்று கேட்டார். ஈரச் சாந்தின் மேல் ஒரே நாளில் அதற்குமேல் பாரம் ஏற்றக் கூடாது, அடி வரிகள் நசுங்கும், தூக்கு மாறும் என்றார் மேஸ்திரி. குரலை உயர்த்தவில்லை. ஆனால் சுவர் ஏறவும் இல்லை. அக்கா வீட்டுக்கு இவர்தான் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

இந்தத் தொழிலின் பொருட்கள் அவர் காலத்திலேயே மாறிவிட்டன. அவருடைய அப்பா சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவர். சங்ககிரியில் 1963-ல் சிமென்ட் ஆலை வந்தது. இவர் கரணை பிடித்த காலத்தில் சிமென்ட்டே வழக்கமாகிவிட்டது. காவிரி மணலைத் தொட்டே பழகிய கைக்கு இப்போது எம் சாண்ட். அது உடைத்த கல்லின் தூள், முனை கூர்மையானது, ஆற்று மணல் போல வழுக்கிக்கொண்டு கலக்காது. பூச்சுக்கு அதைவிட நைசான பி சாண்ட் தனியாக வேண்டும். கட்டு வேலைக்கு வந்ததையே பூச்சுக்கும் அள்ளிப் போடுகிறார்களா என்பதை வீட்டுக்காரர் கவனிக்க வேண்டும். மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பல் வந்த பிறகு சாம்பல் கல்லும் இந்தப் பக்கம் பரவிவிட்டது. அளவு மாறாத கல், சாந்து குறைவாகப் பிடிக்கும். ஆனால் சூளைக் கல் போலவே அதையும் கையாண்டால் மயிரிழை விரிசல் விடுகிறது என்கிறார். பொருளுக்கு ஏற்ப கையை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களே இன்று நல்ல கொத்தனார்கள்.

கலவை போட்ட அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையிடத்தைச் சொன்னதாகாது. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல். நாலரை அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு நாலு. சட்டிக் கணக்கு அவர் வாயில் மந்திரம் போல ஓடியது. தண்ணீர் ஊற்றிய கலவை அரை மணி நேரத்துக்குள் சுவருக்குப் போய்விட வேண்டும் என்பதால், எவ்வளவு கலப்பது, எப்போது கலப்பது என்பதை அவர்தான் தீர்மானித்தார். கொத்தனார் கேட்பதற்கு முன்பே சாந்துச் சட்டி போய்ச் சேர்ந்தது. பதினாறு வயதில் சித்தாளாக வந்தவர், இன்றும் சித்தாள்தான். அவரோடு சேர்ந்த ஆண்கள் கரணை பிடித்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகவும் ஆகிவிட்டார்கள். "எங்க கையில யாருங்க கரணையக் குடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த சட்டியைத் தூக்கினார்.

இது அநியாயம். ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தின்போது கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். ராணி மிஸ்திரி என்று அழைக்கப்பட்ட அவர்கள் கழிப்பறைகளைத் தாங்களே கட்டி முடித்தார்கள். இங்கே முப்பது வருடம் சுவரடியில் நின்ற பெண்களுக்குத் தெரியாதது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் கற்றுத்தர யாரும் முன்வரவில்லை, அவ்வளவே.

கூலி பேசுவதில் என் கருத்து இது. சதுர அடி ரேட்டுக்கு விட்டால் வேகமாக முடித்தால்தான் மேஸ்திரிக்கு மிச்சம். அந்த வேகம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் விழும். கடைக்காலும் செங்கல் கட்டும் முடியும் வரை நாள் கூலிக்கும், பூச்சை மட்டும் சதுர அடிக்கும் பேசுவது நல்லது. சாரம், சென்டரிங், தண்ணீர் காட்டுவது யார் பொறுப்பு என்பதையும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமைச் சம்பளத்தைத் திங்களுக்குத் தள்ளக் கூடாது. வாரச் சந்தைச் செலவு அவர்கள் வீட்டிலும் உண்டு.

நிலை வைக்கும் நாளிலும் புதுமனைப் புகுவிழாவிலும் கொத்தனாருக்கு வேட்டி, துண்டு, தட்சணை வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அது நல்ல வழக்கம், விட வேண்டாம். அதோடு வேறென்ன கொடுத்தால் பிடிக்கும் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். தன் கரணையைக் காட்டினார். தேய்ந்து பாதியாகியிருந்தது. ஆனால் கரணையை நாமாகக் கடையில் பார்த்து வாங்கிக் கொடுக்க முடியாது. எடை, பிடி, கழுத்தின் வளைவு எல்லாம் அவரவர் மணிக்கட்டுக்குத் தோதாக இருக்க வேண்டும். அவரையே கூட்டிப்போய் எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நல்ல ரசமட்டம் என்றால் யாருக்கும் உதவும். சித்தாள்களுக்குச் சேலையோடு ரப்பர் கையுறையும் பூட்ஸும் சேரட்டும், அதுவும் வேலை தொடங்கும் அன்றே. சிமென்ட் கலவையில் காரம் உண்டு. அந்த அக்காவின் விரல் இடுக்குகள் வெடித்துப் புண்ணாகியிருந்ததை நான் பார்த்தேன்.

இன்னொன்றும் கேட்டேன்: நலவாரிய அட்டை இருக்கிறதா? மேஸ்திரியிடம் இருந்தது. கலவை போட்ட அக்காவிடம் இல்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1982-ல் வந்தது. அதன்கீழ் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் அமைந்தது. மத்தியச் சட்டம் 1996-ல்தான் வந்தது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்து நேர்ந்தால் நிவாரணம், அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அந்த அட்டையை ஒட்டியே கிடைக்கும். வீடு கட்டப் போகிறவர்கள் ஆள் பேசும் அன்றே எல்லோரிடமும், குறிப்பாகச் சித்தாள் பெண்களிடம், அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவர்கள் பதிவு செய்ய ஒரு நாள் கூலியோடு விடுப்புக் கொடுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்ததற்குச் சான்று கேட்டால், தயங்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.