தளர்வதும் உழைப்புதான்

பிள்ளைகளே, உயிரியல் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் நான். அந்தப் பாடத்திலிருந்து வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. அதை உங்கள் கையிலேயே தொட்டுப் பார்க்கலாம்.

ஒரு கனமான புத்தகத்தை ஏந்தி முழங்கையை மடக்குங்கள். மறு கையால் மேற்கையைத் தொடுங்கள். முன்பக்கத்து இருதலைத் தசை திரண்டு கெட்டியாகும். பின்பக்கத்து முத்தலைத் தசை தளர்ந்திருக்கும். இப்போது உள்ளங்கையை மேசைமேல் ஊன்றி அழுத்துங்கள். வேலை பின்பக்கத்துக்கு மாறிவிடும். தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. நாம் கதவைத் தள்ளும்போதுகூட உள்ளே ஒரு தசை, தசைநாண் வழியாக எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று மூட்டுகளில் தசைகள் எதிரெதிராக அமைந்திருக்கின்றன.

மூளை ஒரு தசையைச் சுருங்கச் சொல்லும்போதே, எதிர்த்தசையைத் தளரவைக்கும் வேலையைத் தண்டுவடம் பார்த்துக்கொள்கிறது. இதை ஆராய்ந்து விளக்கிய சார்லஸ் ஷெரிங்டன் 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இரண்டும் சரிக்குச் சரியாக இழுத்தால் மூட்டு விறைக்கும், கை நகராது. பாகப்பிரிவினைத் தகராறில் பேச்சே நின்றுபோன அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் இதேதான்.

தளர்வதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். சுருங்கிய தசை பிடியை விடுவதற்கும் ஆற்றல் செலவாகிறது. உயிர் போன உடல் சில மணி நேரத்தில் விறைப்பது, அந்த ஆற்றல் தீர்ந்துவிடுவதால்தான். நிறைகுடத்தை மெல்ல இறக்கும்போது இருதலைத் தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்குகிறது. வீட்டில் விட்டுக்கொடுத்துப் போகிறவரை ஏமாளி என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பெரும்பாலும் அம்மாக்களுக்குத்தான் அந்தப் பெயர் கிடைக்கிறது. அதேசமயம், எப்போதும் ஒருவரே விட்டுக்கொடுப்பதும் நியாயமில்லை. எப்போதும் தளர்ந்தே இருந்து, சுருங்கும் வேலையே கிடைக்காத தசை மெலிந்துபோகும்.

எலும்பும் அப்படியே. வளர்ந்தவர் உடலில் இருக்கும் 206 எலும்புகளில் பெரும்பாலானவை தசையின் இழுப்பாலும் உடலின் பாரத்தாலும் உறுதி பெறுகின்றன. எடையில்லாமல் மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. நமக்கோ அது ஏறக்குறைய 30 வயதில் உச்சத்தை எட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆகவே இந்த வயதில் ஓடுங்கள், மாடிப்படி ஏறுங்கள், பாரம் தூக்குங்கள். உங்கள் வீட்டில் தண்ணீர் தூக்குகிறவர் எப்போதும் ஒருவரே என்றால், இன்றைக்கு அந்தக் குடத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.