பாலையில் இட்ட வேலி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே, புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரம் உளது. 1883-ஆம் ஆண்டு அங்கே வெள்ளியும் ஈயமும் செறிந்த பாறை கண்டறியப்பட்டது. சுரங்கத்திற்கும் உலைக்கும் விறகு வேண்டிச் சூழ இருந்த மரங்களை வெட்டினர். எஞ்சிய தழையை ஆடும் முயலும் தின்றொழித்தன. பற்றுதற்கு வேரின்றிப் போன மணல், காற்றெழும்போதெல்லாம் புழுதிப்புயலாகி வீட்டினுள்ளும் புகுந்தது. தாவரங்களை நன்கறிந்த ஆல்பர்ட் மாரிஸ் என்பாரின் முயற்சியால், 1936-இல் நகரை ஒட்டிய நிலத்திற்கு வேலியிடத் தொடங்கினர். விலங்கின் வாய்க்குத் தப்பிய நிலத்தில், நட்டவை சில. மழை கண்டு தாமே முளைத்தவையோ பல!

அந்நகரின் அருகே இன்று 2,400 ஹெக்டேர் பரப்பில் 'உயிருள்ள பாலை' என்னும் காப்பகம் விளங்குகிறது. அதன் குன்றொன்றின்மேல் 12 மணற்கற் சிற்பங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. பல நாட்டுச் சிற்பிகள் 1993-இல் ஒருங்கு கூடிச் செதுக்கியவை அவை. கதிரவன் சாயுங்கால் அக்கற்கள் செம்பொன்னென ஒளிரும். அக்காட்சிக்கென்றே பலர் குன்றேறுவர். ஆயின் கீழே, நரியும் பூனையும் முயலும் நுழையாவண்ணம் அமைத்த வேலியை நின்று நோக்குவார் மிகச் சிலரே. அவ்வேலிக்குள் வளைந்து செல்லும் நடைபாதையோரத்தில், நல்ல மழைக்குப்பின், செவ்விதழும் கருங்கண்ணும் உடைய பாலைப் பட்டாணிப்பூ தரையோடு படர்ந்து மலர்கிறது.