ஒரே பெயர், இரண்டு உயிர்

சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, கம்பரைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினோம். ஆனால் அவற்றை எழுதத் தகுந்த தமிழறிஞர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். யாமோ மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இளங்கலைப் பட்டத்தோடு எம் படிப்பு நின்றது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக யாம் படித்தவை பெரும்பாலும் கோப்புகளே. ஆகவே எமக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே எழுதத் துணிந்தோம். ஒன்றுபோல் தோன்றும் இரண்டை வேறு பிரித்து அறிவதே அத்தொழில். அதன் அருமையை எமக்கு உணர்த்தியவை இரண்டு: ஒன்று, எம் மேசையில் எம் கையால் நிகழ்ந்த பிழை; மற்றொன்று, கடலில் வாழும் ஒரு சிறு நத்தை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வூதியர் கோப்புகள் எம் பொறுப்பில் இருந்தன. ஒரு நாள், ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர் காலமானதாகக் கடிதம் வந்தது. பெயரைப் பார்த்தோம்; முதலெழுத்தைப் பார்த்தோம்; கடைசியாகப் பணிபுரிந்த பிரிவைப் பார்த்தோம். மூன்றும் பொருந்திய கோப்பை எடுத்து, உரிய குறிப்பை எழுதி மேலே அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போனோம். மூன்று மாதம் கழித்து அந்த இறந்தவர் எம் மேசைமுன் வந்து நின்றார்.

சித்தூருக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து பேருந்து ஏறித் திருப்பதிக்கு வந்திருந்தார். எழுபதைக் கடந்த முதியவர். கையில் ஒரு மஞ்சள் பை. "தம்பி, செத்துப்போனவன் நான்தான்" என்றார். எமக்கு விளங்கவில்லை. "பேங்க்குல போய்க் கேட்டா, நீங்க போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆச்சுங்கிறாங்க. என்னைக் கொஞ்சம் எழுப்பி விடுங்க தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின.

கோப்புகளைப் புரட்டியபோது உண்மை வெளிப்பட்டது. ஒரே பெயருடைய இருவர் ஒரே பிரிவில் பணியாற்றியிருந்தனர். அது இப்பகுதியில் தெருவுக்கு ஒருவர் வைத்துக்கொள்ளும் பெயர். முதலெழுத்தும் ஒன்றே. ஆயினும், அவ்வெழுத்து வந்த வழி வேறு. ஆந்திர மக்கள் பெயர்முன் இடும் எழுத்து பெரும்பாலும் 'இண்டி பேரு' என்னும் வீட்டுப் பெயருக்கு உரியது. நாம் இடுவதோ தந்தையின் பெயருக்கு உரியது. இறந்தவர் தெலுங்கர், அவருடைய எழுத்து பல தலைமுறையாக வந்த குடும்பப் பெயரின் தலைப்பு. எதிரே நின்றவர் தமிழர். அவருடைய எழுத்து அவர் தந்தையார் பெயரின் முதல். இரண்டும் ஒரே எழுத்தாக வாய்த்தது தற்செயல். இவ்வூரில் இத்தனை ஆண்டு வாழ்ந்த எமக்கு இது தெரியாததன்று. அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

பணிப்பதிவேட்டின் முதற்பக்கத்தில் அங்க அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கும். ஒருவருக்கு இடது கன்னத்தில் மச்சம். மற்றவருக்கு வலது முழங்கையில் தீப்புண் தழும்பு. முதியவர் யாம் கேளாமலே சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார். அப்பக்கத்தை யாம் திறந்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பிழை திருத்தப்பட்டது, நிலுவையும் வந்து சேர்ந்தது. மேலதிகாரி எம்மைக் கடிந்துகொண்டார், அது தகும். ஆனால் அந்த மூன்று மாதமும் மனைவியின் மருந்துக்காக முதியவர் பக்கத்து வீட்டில் கைநீட்டியிருக்கிறார். பணத்தை அரசு திருப்பித் தந்தது. கைநீட்டிய நாளை யார் திருப்பித் தருவார்? மற்றொன்றும் உண்டு. உண்மையில் இறந்தவரின் மனைவிக்குச் சேரவேண்டிய குடும்ப ஓய்வூதியமும் அதே மூன்று மாதம் தடைப்பட்டுக் கிடந்தது. இருவரை ஒருவராகக் கொண்ட ஒரு பிழை, இரண்டு வீட்டு அடுப்பைச் சுட்டது.

இச்செய்தி எம் மனத்தில் முள்ளாய்த் தைத்திருந்த காலத்தில், விலங்கியல் படிக்கும் எம் மகள் கல்லூரிச் சுற்றுலாவாக விசாகப்பட்டினம் சென்று திரும்பினாள். கடல் வற்றிய வேளையில் பாறைக் குழிகளில் ஓடில்லாக் கடல் நத்தைகளைத் தேடினார்களாம். "அப்பா, ரெண்டு பார்த்தேன். ஒரே இனம்னு எழுதிட்டேன். எங்க மேடம், கலரைப் பார்த்துப் பேர் வைக்காதேன்னு அடிச்சுட்டாங்க" என்றாள். எமக்குத் தூக்கிவாரிப் போட்டது. எம் குற்றத்தையே அவள் வேறு சொற்களில் சொல்வதுபோல் இருந்தது. அன்றிரவு வெகுநேரம் அவளிடம் பாடம் கேட்டோம்.

இவ்வுயிரைக் கடலட்டை என்று சொல்லிவிடலாகாது. மன்னார்க் கடலில் எடுத்து உலர்த்துவார்களே, அந்தக் கடலட்டை நட்சத்திர மீனின் உறவு. இதுவோ நத்தைக் குலம். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பருவத்தில் இதற்கும் சிறு ஓடு உண்டு. வளரும்போது அதை உதறிவிடுகிறது. தலையில் முகர்ந்தறியும் இரண்டு கொம்புகள். பல இனங்களுக்கு முதுகின் பின்புறத்தில் பூப்போல் விரிந்த செவுள்கள். ஓடு போனபின் காப்பு எது? நஞ்சும் நிறமுந்தான். கடற்பஞ்சு முதலியவற்றைத் தின்று, அவற்றின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும் இனங்கள் பல. 'என்னைத் தின்றால் கெடுவாய்' என்று மீனுக்கு எச்சரிக்கும் அறிவிப்பே அவற்றின் பளிச்சிடும் நிறம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே கடலில் வாழும் பல இனங்கள் ஒரே எச்சரிக்கை நிறத்தைப் பூண்டுவிடுகின்றன. ஒன்றைக் கடித்துப் பாடம் கற்ற மீன் மற்றவற்றையும் தொடாதன்றோ? மாறாக, ஒரே இனத்துக்குள் வயதாலும் வாழும் இடத்தாலும் நிறம் மாறுவதும் உண்டு. ஆகவே நிறம் ஒன்றாயின் இனம் ஒன்று என்றும் சொல்ல முடியாது; நிறம் வேறாயின் இனம் வேறு என்றும் சொல்ல முடியாது. உள்ளே பார்த்தாக வேண்டும். அரம்போன்ற நாக்கில் வரிசைக்கு எத்தனை பல், அவற்றின் வடிவம் என்ன, இனப்பெருக்க உறுப்புகள் எவ்வாறு அமைந்துள்ளன என்றெல்லாம் நுண்ணோக்கியில் காண்பர். அண்மைக் காலத்தில் மரபணுவையும் ஒப்பிடுகின்றனர்.

எம் மகள் தன் குறிப்பேட்டில் ஆசிரியை காட்டிய இரண்டு படங்களை வரைந்திருந்தாள். இரண்டிலும் கருமையும் இளஞ்சிவப்புமே. ஒன்றில் இளஞ்சிவப்புக் கொப்புளங்கள் கொத்துக் கொத்தாய் நிற்கும். அது 1804-இல் குவியே பெயரிட்ட பில்லிடியெல்லா பஸ்டுலோசா. மற்றதில் அவை ஒன்றோடொன்று இணைந்து நீளவாட்டில் வரப்புபோல் ஓடும். அது 1859-இல் கெலார்ட் பெயரிட்ட பில்லிடியெல்லா சைலானிகா. இக்குடும்பத்துக்குப் பல்லே இல்லையாதலால் பல்லை எண்ணும் வழியும் அடைபட்டது. போதாக்குறைக்கு, பஸ்டுலோசா என்று நெடுங்காலம் அழைத்துவந்ததற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் மறைந்துள்ளன என்று மரபணு ஆய்வு இப்போது காட்டியிருக்கிறது. எம் கோப்பில் நிகழ்ந்ததும் இதுவே: ஒரே பெயருக்குள் இரண்டு உயிர்.

இக்கலை நம் கரைகளில் வளர்ந்த வரலாறு அரசு ஊழியர் எவருக்கும் இனிக்கும். எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட் 1819-இல் இலங்கையில் பிறந்தவர், படை மருத்துவர். திருகோணமலைக் கரையில் இந்நத்தைகளைத் தேடி, உயிருடன் இருக்கும்போதே படம் வரைந்து, 1858, 1859-ஆம் ஆண்டுகளில் விளக்கங்களை வெளியிட்டார். 1860-இல், நாற்பது வயதளவில், கப்பற் பயணத்தில் காலமானார். அதே காலத்தில் தெலுங்குக் கடற்கரையில் இருந்தவர் வால்டர் எலியட். சென்னை மாகாண ஆட்சிப் பணியாளர். வட சர்க்கார்களின் ஆணையர். அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தவரும், தென்னிந்திய நாணயங்களைப் பற்றியும் ஆந்திரத் தாவரப் பெயர்களைப் பற்றியும் நூல் எழுதியவரும் அவரே. அவர் சேகரித்த நத்தைகளை ஆல்டர், ஹேன்காக் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் ஆராய்ந்து 1864-இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றுக்கு அவர்கள் இட்ட பெயர் கலிங்கா ஆர்னேட்டா. கலிங்கம் என்றால் பரணியை நினைக்கும் நமக்கு, அப்பெயரை ஒரு நத்தை சுமப்பது வியப்பாகத்தான் இருக்கும்.

கெலார்ட் எழுதிய விளக்கங்கள் சுருக்கமானவை. அவரும் மறைந்துவிட்டார். அவர் பெயரிட்டது எது, பிறர் பெயரிட்டது எது என்று பின்வந்தோர் குழம்பினர். குழப்பத்தைத் தீர்க்க முன்வந்தவர் பெயரும் எலியட்! சார்லஸ் எலியட் என்னும் இவர் ஆங்கிலத் தூதுத்துறையைச் சேர்ந்தவர். பின்னாளில் இந்து, பௌத்த சமயங்களைப் பற்றி 1921-இல் மூன்று தொகுதி நூல் வெளியிட்டவர். ஆங்கிலத்தில் இவ்விருவர் பெயருக்கும் ஓரெழுத்து வேறுபாடு உண்டு. தமிழில் எழுதினால் அதுவும் மறைந்துவிடும். எம்போன்ற எழுத்தரிடம் இவர்களின் கோப்பு சிக்காமற்போனது அவர்கள் நல்லூழே. நியூகாசில் நகர அருங்காட்சியகத்தில் இருந்த கெலார்டின் ஓவியங்களையும், ஆல்டர், ஹேன்காக் ஆகியோரின் சேகரிப்புகளையும் பார்த்து, எந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்று சார்லஸ் எலியட் 1906-இல் ஆராய்ந்து எழுதினார். சாராயத்தில் இட்ட உடலில் நிறம் மங்கிவிடும். ஓவியத்திலோ உள்ளுறுப்பு தெரியாது. இரண்டும் காக்கப்பட்டிருந்தமையால் அல்லவா இறந்தவரின் சொல்லுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நீதி கிடைத்தது? அடையாளப் பக்கத்தைக் கிழியாமல் காப்பது எத்துணைப் பெரிய அறம் என்பதை அன்று உணர்ந்தோம்.

கெலார்ட் 1858-இல் பெயரிட்ட ஒரு நத்தைக்குப் 'பிடெலிஸ்' என்று பெயர். உண்மையுள்ளது என்று பொருள். வெண்மேனி, செவ்விளிம்பு, கருங்கொம்பு. அவர் அதை டோரிஸ் பேரினத்தில் வைத்தார். பின்னர் குரோமோடோரிஸ் என்றனர். 2012-இல் வெளிவந்த மரபணு ஆய்வுக்குப் பின் கோனியோபிராங்கஸ் என்கின்றனர். முன்னே நிற்கும் பேரினப் பெயர் இருமுறை மாறியது, பிடெலிஸ் மாறவில்லை. இதைக் கேட்டபோது எமக்கு நம் ஊர் நினைவுக்கு வந்தது. வட ஆர்க்காட்டுப் பகுதிகளையும் சேர்த்து 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. முகவரியின் கடைசி வரி மாறிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் பேசிய மொழி மாறவில்லை.

அம்மொழியைப் பற்றியும் ஒரு சொல். இங்கே நம்மை 'அரவம்' பேசுவோர் என்பர். வேலூர்ப் பக்கத்து உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போனால் 'தெலுங்குக்காரர் வந்துவிட்டார்' என்பர். இரண்டும் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் சொற்கள். தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்தது என்று அறிஞர் பலர் எண்ணிய காலத்தில், சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் மேற்பூச்சான சொற்களை விலக்கி வேர்ச்சொற்களை ஒப்பிட்டார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்று 1816-இல், கேம்பலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரையில் காட்டினார். எல்லிஸ் இறந்தபின் எஞ்சிய தாள்களைப் பேணியவர்களுள் நம் வால்டர் எலியட்டும் ஒருவர். கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்'. அவரை நீக்கினால் 'நாங்கள்'. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இல்லாத இந்நுட்பம் தெலுங்கில் 'மனமு', 'மேமு' என்று அப்படியே இருக்கிறது. நத்தையின் பல்வரிசைபோல் இது உள்ளே இருக்கும் அடையாளம். உறவு உண்மை, ஒன்றல்ல என்பதும் உண்மை. எம் மகளுக்கு இரண்டும் தெரிய வேண்டும் என்பதே எம் விருப்பம்.

ஓய்வூதியர் கோப்புகள் இப்போது வேறொருவர் பொறுப்பில் உள்ளன. ஆயினும் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுத்துவிட்டு, அம்முதியவர் திருமலைக்குப் போகும் வழியில் எம் மேசைக்கும் வருவார். நாற்காலியில் அமர்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கேனா தம்பி?" என்று கேட்பார்.

"இருக்கீங்க ஐயா" என்போம். அவர் சிரித்துக்கொண்டே வலது சட்டைக் கையை மடிப்பார். தேவையில்லைதான், ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தழும்பை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.