கட்டை விரலைத் தூக்குங்க!

"வெளிநாட்டுல டாக்டர் டாக்டர்ங்கறியே... என்ன டாக்டர்டா நீ?"

ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தை கேட்கிற கேள்வி இது.

"கைரோபிராக்டர் அத்தை. கழுத்து, முதுகு, மூட்டு... எல்லாத்தையும் கையாலேயே சரி பண்றது. ஊசி, மாத்திரை கிடையாது."

அத்தை ஐந்து விநாடி யோசித்தாள். "சுளுக்கெடுக்கறவன்னு சொல்லேன்! அதுக்கா மெல்போர்ன் போயி அஞ்சு வருஷம் படிச்சே?"

எங்கள் தெருவில் சுளுக்குக்கென்றே ஒரு பாட்டி இருந்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதுதான் அவளுடைய ஒரே தகுதி. ஃபீஸ், வெற்றிலை பாக்கு. என் தகுதிக்கு பாங்க் லோன். மற்றபடி எங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அத்தையின் கட்சி.

எங்கள் தொழிலின் பூர்வீகமும் கொஞ்சம் தமாஷானதுதான். 1895-ல் அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில், டி.டி. பாமர் என்பவர் காது கேட்காத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் ஓர் எலும்பைத் தட்டி உட்கார வைத்தாராம். உடனே காது கேட்டதாம்! ஸ்தாபகரே சொன்னது என்றாலும் நான் நம்புவதில்லை. காது கேட்கவில்லை என்று என்னிடம் யாராவது வந்தால் மரியாதையாக ஈ.என்.டி. டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். இடுப்பு வலியா? உட்காருங்கள், பேசலாம்.

2022 ஜூலையில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரில் போய் இறங்கினேன். அங்கே 'வேர்ல்ட் கேம்ஸ்'. ஒலிம்பிக்ஸில் இடம் கிடைக்காத ஆட்டங்களுக்காக 1981-ல் ஆரம்பித்த திருவிழா. 2021-லேயே நடந்திருக்க வேண்டியது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஒரு வருஷம் தள்ளிப்போனதும் இதையும் தள்ளி வைத்துவிட்டார்கள். சர்வதேச ஸ்போர்ட்ஸ் கைரோபிராக்டிக் கூட்டமைப்பு அனுப்பிய கோஷ்டியில் அடியேனும் ஒருவன். சம்பளம் கிடையாது. விமான டிக்கெட் கைக்காசு. டி-ஷர்ட் இலவசம்.

பர்மிங்ஹாமில் குன்றின் மேல் வல்கன் நிற்கிறார். ரோமானியர்களின் கொல்லர் கடவுள். 56 அடி வார்ப்பிரும்புச் சிலை. 1904-ல் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சிக்காகச் செய்தது. முன்பக்கம் கொல்லர்கள் கட்டும் ஏப்ரன் இருக்கிறது. பின்பக்கம்... சுத்தம்! ஊரே தலைவெட்கமில்லாமல் ரசிக்கிறது. எனக்கு மட்டும் இடுப்பு வலியைக் காட்ட வந்த பேஷண்ட் மாதிரியே தெரிந்தார். தொழில் புத்தி.

மறுநாளிலிருந்து நிமிர நேரமில்லை. முதலில் சுமோ ஆசாமிகள். ஆண்களில் 115 கிலோவுக்கு மேல் இருந்தால் ஹெவிவெயிட். அந்த 'மேல்' என்பதற்கு உச்சவரம்பு கிடையாது என்பது என் மடக்குக் கட்டில் அலறியபோதுதான் புரிந்தது. வந்த எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று - அந்த 'கடக்' சத்தம். சத்தம் வந்தால் முகத்தில் புன்னகை. வராவிட்டால் ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு பார்வை.

ஒரு ரகசியம் சொல்கிறேன். அந்தச் சத்தத்தில் எலும்பு எதுவும் நகர்ந்து உட்காருவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது ஒரு வாயுக்குமிழி உண்டாகிறது, அவ்வளவுதான். 2015-ல் கனடாவில் ஒருவரின் விரலைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டார்கள். இதைப் படித்துக்கொண்டே ஆபீஸ் நாற்காலியில் நெட்டி முறிக்கிறீர்களே, உங்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. கலிஃபோர்னியாவில் டொனால்ட் அங்கர் என்ற டாக்டர், 'நெட்டி முறித்தால் மூட்டு வாதம் வரும்' என்று சின்ன வயசில் அம்மா மிரட்டியதைச் சோதிக்க, அறுபது வருஷத்துக்கு மேல் இடது கை விரல்களை மட்டும் தினமும் முறித்துக்கொண்டிருந்தார். வலது கையைத் தொடவில்லை. கடைசியில் இரண்டு கைக்கும் வித்தியாசமே இல்லை! 2009-ல் இக்-நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சத்தம் வந்தால் தசை கொஞ்சம் தளர்கிறது, வலி கொஞ்ச நேரம் குறைகிறது. போட்டிக்கு முதல்நாள் ஒரு வீரனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும். விவகாரமே அங்கேதான்.

கயிறு இழுக்கும் போட்டி. ஆமாம் ஸார், பொங்கலுக்கு நம்ம ஊரில் இழுப்போமே, அதேதான்! 1900-லிருந்து 1920 வரை ஒலிம்பிக்ஸிலேயே இருந்த ஆட்டம் இது. எட்டுப் பேர் டீம். ஆண்கள் பிரிவில் எட்டுப் பேரும் சேர்ந்து 640 கிலோவைத் தாண்டக் கூடாது. எதிராளிகளை நான்கு மீட்டர் இழுத்துவிட்டால் ஜெயம். கடைசி ஆளுக்கு 'ஆங்க்கர்' என்று பெயர். நங்கூரம்! கயிறு அவருடைய அக்குளுக்குக் கீழே போய், முதுகில் குறுக்காக ஏறி, எதிர்த் தோள் வழியாக இறங்கும். அந்த முதுகு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த ஒரு டீமின் நங்கூரம், போட்டிக்கு முந்தின சாயங்காலம், நான் கட்டிலை மடக்கப் போகிற சமயத்தில் வந்தார். ஊரில் மாட்டுப் பண்ணை. இங்கிலீஷ் சுமார். இடுப்பைக் காட்டி, "டைட். கிராக், ப்ளீஸ்" என்றார். வேறெங்காவது வலிக்கிறதா என்றால் "நோ நோ."

ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டேன். கை வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் உறைத்தது. அவர் உள்ளே நடந்து வரும்போது வலது பாதம் தரையில் 'டப்... டப்...' என்று விழுந்ததே?

"எழுந்து உட்காருங்க. ரெண்டு காலையும் நீட்டி, கட்டை விரலைத் தூக்குங்க. நான் அழுத்துவேன், விடாதீங்க."

இடது கட்டை விரல் கல்லாட்டம் நின்றது. வலது, என் சுண்டு விரலுக்கே சாய்ந்துவிட்டது. 'மரத்துப் போன மாதிரி இருக்கா?' என்றேன். பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

எனக்கு ஆறு வருஷம் முந்திய ஒரு சனிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. க்ளினிக்கில் செம கூட்டம். ஒரு குமாஸ்தா, இதே வலி. அவசரத்தில் கட்டை விரலைப் பார்க்காமலேயே 'கடக்'. எழுந்து தாங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து போன்... டிஸ்க் ஆபரேஷன். அது எப்படியும் வந்திருக்கலாம் என்று சக டாக்டர்கள் சமாதானம் சொன்னார்கள். அந்த மனுஷர் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

"முடியாது" என்றேன்.

டீம் கேப்டன் ஓடிவந்து மொழிபெயர்த்தார். "ஒரே ஒரு தடவைங்கிறார். மூணு வாரமா இவர் தம்பிதான் பால் கறக்கிறார். வந்தது சொந்தச் செலவுல. அடுத்த போட்டிக்கு இன்னும் மூணு வருஷம், அப்போ தனக்கு வயசாயிடும்ங்கிறார்."

கை துறுதுறுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'கடக்' என்று ஒன்று கொடுத்தால் சந்தோஷமாகப் போய்விடுவார். அவர் முன்னால் நானும் ஹீரோ. கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டேன். ராத்திரியே ஸ்கேன். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இழுக்கக் கூடாது என்று சொன்னவர் டாக்டர். முறைப்பு மட்டும் எனக்கு!

மறுநாள் கொளுத்துகிற வெயில். கயிற்றின் நுனியில் வேறோர் ஆள். இவர் கோட்டுக்கு வெளியே நின்று, ஒவ்வோர் இழுப்புக்கும் தாளம் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிக் காற்றுத்தான் வந்தது. டீம் மெடல் பக்கம் கூடப் போகவில்லை. அவர்களில் நாலு பேர் என் கட்டிலில் வந்து படுத்தார்கள். இவர் வாசலிலேயே நின்று அவர்களுடைய பைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் கேப்டனோடு உள்ளே வந்தார். கேட்காமலேயே கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றி, கட்டை விரல்களைத் தூக்கினார். இடது, கல். வலதும் எழுந்தது. சுண்டு விரலை வைத்தேன். சாய்ந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏதோ கேட்டார். கேப்டன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "அன்னிக்கு நீங்க செஞ்சிருந்தா... ஒரு இழுப்பாவது தாங்கியிருக்குமானு கேக்கறார்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தாங்கியிருக்கலாம்" என்றேன்.

நிதானமாக சாக்ஸை மாட்டினார். பூட்ஸை மாட்டினார். எழுந்து கையை நீட்டினார். மாடு கட்டுகிற, கயிறு இழுக்கிற கை. குலுக்கிய குலுக்கலில் என் விரல்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் 'கடக்'.

வரிசையில் பாக்கியிருந்த ஆறு பேரையும் இடது கையாலேயே சமாளித்தேன்.