செருப்பைக் கேட்பவனிடம் அவள் ஏன் திரும்புகிறாள்?

காதல் நகைச்சுவைப் படங்களுக்கென ஒரு வாய்பாடு உண்டு. நாயகியின் மூக்குக்கண்ணாடி கழற்றப்படும், கூந்தல் திருத்தப்படும், புதிய உடையில் அவள் மாடிப்படி இறங்கி வருவாள், அதுவரை அவளைப் பொருட்படுத்தாதவன் அன்றுதான் நிமிர்ந்து பார்ப்பான். 1999இல் வெளிவந்த 'ஷீஸ் ஆல் தட்' இதற்கு நல்ல சான்று. இவ்வகைப் படங்கள் பலவற்றுக்கு மூதாதை பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம். அங்கே உடையும் மாறுகிறது. ஆனால் உண்மையில் மாற்றப்படுவது பேச்சு. பூ விற்கும் எலைஸாவைச் சீமாட்டியாக்கும் ஹிக்கின்ஸ் ஓர் ஒலிப்பியல் அறிஞன். அவனிடம் ஹென்றி ஸ்வீட்டின் சாயல்கள் உண்டென்று ஷாவே முன்னுரையில் எழுதுகிறார். ஆக, மொழியியல் பயில்வோராகிய நமக்கு அவன் தூரத்து உறவினன்.

நாடகத்தின் முடிவில் எலைஸா அவனை விட்டு வெளியேறுகிறாள். 1914இல் லண்டனில் அதை மேடையேற்றி ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, இறுதியில் எலைஸாவை நோக்கி மலர் வீசிக் காதலை உணர்த்தினார், ஷா சினந்தார். 1916இல் அவர் சேர்த்த உரைநடைப் பின்னுரையில் எலைஸா ஃபிரெடியை மணந்து பூக்கடை வைக்கிறாள். ஆயினும் 1938 திரைப்படம் அவளை ஹிக்கின்ஸிடமே திருப்பி அனுப்பியது. 1964இல் வந்த 'மை ஃபேர் லேடி'யும் அவ்வாறே செய்தது. அவள் வந்து நிற்கிறாள், அவன் தன் செருப்பு எங்கே என்று கேட்கிறான், படம் முடிகிறது.

இம்முடிவு நிறைவளிக்காததற்குக் காரணம் காதல் பொருந்தாமை மட்டுமன்று. ஒருத்தியின் பேச்சை மாற்றிய பின் அவள் எங்கே வாழ்வாள் என்ற வினாவை நாடகம் எழுப்புகிறது. தன் பழைய மொழி தனக்கு மறந்துவிட்டது என்று எலைஸாவே சொல்கிறாள். பூ விற்ற மூலைக்கு அவளால் திரும்ப இயலாது. சீமாட்டியாக வாழப் பொருளும் இல்லை. இவ்வினாவுக்கு விடை காணாத திரைக்கதை, அவளை மீண்டும் அவன் வீட்டு வாசலில் கொண்டு நிறுத்திவிடுகிறது.

இதை நான் விலகி நின்று எழுதவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முதுகலை பயில நகருக்குச் சென்றபோது, "சொல்லுதேன்" என்ற என் நிகழ்காலத்தைக் கேட்டு வகுப்பு சிரித்தது. எல்லா வழக்குகளும் சமம் என்று கற்பித்த ஆசிரியர் ஒருவரே, கருத்தரங்கில் மட்டும் "திருத்தமாக"ப் பேசச் சொன்னார். பேசப் பழகினேன். இன்று வடஇந்தியாவில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தொலைபேசியில் என் சொற்களைக் கேட்டு அம்மா, "ஏட்டி, நீ யார்ட்ட பேசுத?" என்பாள். பல வரிகள் பேசிய பிறகே என் நாக்கு ஊருக்குத் திரும்பும். அந்தச் சில நிமிடங்கள் நான் எவ்வூரையும் சேர்ந்தவள் அல்லள்.

ஆகவே 'மை ஃபேர் லேடி'யின் இறுதிக் காட்சியில் என் கவனம் செருப்பின் மேல் நிலைப்பதில்லை. அதற்குச் சற்று முந்தைய கணத்தில் நிலைக்கிறது. தனித்து அமர்ந்த ஹிக்கின்ஸ், எலைஸாவின் பழைய குரற்பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். உள்ளே வரும் அவள் அக்கருவியை நிறுத்திவிட்டு, பதிவிலுள்ள வாக்கியத்தைத் தன் பழைய வழக்கிலேயே பேசுகிறாள். மறந்துவிட்டதாகச் சொன்ன மொழி அவளிடம் இருக்கிறது! இரு வழக்குகளும் இப்போது அவள் கைவசம். எதை எப்போது பேசுவது என்பதும் அவள் முடிவு. காதற்கதையின் முடிவைவிட இது பெரிய முடிவு. பிறந்த ஊரைப் பேச்சொலி கொண்டே கணிக்கவல்ல ஹிக்கின்ஸுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவன் செருப்பைக் கேட்கிறான்.

இப்படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் பாடுவதாக நாம் கேட்கும் பாடல்களில் பெரும்பாலானவற்றைப் பாடியவர் மார்னி நிக்சன். ஒரு பெண்ணின் குரலை மாற்றும் கதைக்கு, அதில் நடித்த பெண்ணின் குரலையே மாற்றினார்கள்.

களப்பணிக்குச் செல்லும் நண்பர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஒலிப்பதிவுக் கருவியை அணைத்த பின் எதிரில் இருப்பவர் பேசுவதை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?