எஸ்பியர்க் துறைமுகத்திலே

டென்மார்க் என்றதும் நம்மவருக்குத் தரங்கம்பாடிக் கோட்டைதான் ஞாபகம் வரும். பூகோளம் கற்பிப்பதையே ஜீவனமாகக் கொண்ட நமக்கோ, அத்தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள எஸ்பியர்க் துறைமுகத்தைக் கண்ணாரக் காணவேண்டுமென்று நெடுநாளைய ஆசை. ஒரு கோடை விடுமுறையில் அது நிறைவேறிற்று.

கடற்கரையை அடைந்ததும் வெள்ளை வெளேரென்று நான்கு ராக்ஷசர்கள் சமுத்திரத்தை நோக்கி வீற்றிருந்தார்கள்! பயப்படவேண்டாம்; 1995-ல் அமைத்த, 9 மீட்டர் உயரமுள்ள சிலைகள் அவை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வட கடல்தான் இவ்வூருக்கு அன்னதாதா. 1864-ஆம் ஆண்டு யுத்தத்தில் தென் மாகாணங்களைப் பறிகொடுத்த டேனியர், 1868-ல் சட்டமியற்றி இத்துறைமுகத்தை நிர்மாணிக்கத் தொடங்கினர். முதலில் மீன் சோறு போட்டது. 1972-ல் வட கடலில் டேனியரின் எண்ணெய் பொங்கத் தொடங்கியது. 2002-ல் கரைக்கு அப்பால் 80 காற்றாலைகள் எழுந்தன. அவற்றின் மொத்த சக்தி 160 மெகாவாட்.

துறைமுகத்தில் காற்றாலை இறக்கைகள் பிரம்மாண்டமான யானைத் தந்தங்களைப் போல் வரிசையாகக் கிடந்தன. அருகே நின்ற முதியவர் ஒருவர், தாம் முன்பு எண்ணெய் மேடையில் பணிபுரிந்தவர் என்றார். "வேலை மாறியது கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டோம்.

"கடலடியில் கால் ஊன்றுவது, பாரம் தூக்குவது, புயலுக்கு முன்னே கரைசேர்வது, எல்லாம் அதே வேலைதான், ஐயா! மேலே நிற்பது எண்ணெய்க் கிணறா, காற்றாடியா என்று அலைக்குத் தெரியுமா?" என்று சிரித்தார்.

நாமும் சிரித்தோம். ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடவில்லை. டென்மார்க் அரசாங்கம் பெரும்பங்கு வைத்திருந்த டாங் என்னும் எண்ணெய்க் கம்பெனி, 2017-ல் தன் எண்ணெய், வாயு வியாபாரத்தை விற்றுவிட்டு, காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை 1820-ல் கண்டறிந்த எர்ஸ்டெட் என்னும் விஞ்ஞானியின் பெயரைச் சூட்டிக்கொண்டது. உலகம் கைதட்டியது. கிணறுகளோ மூடவில்லை, இனியோஸ் என்ற வேறு கம்பெனியின் கைக்கு மாறின, அவ்வளவே. மாட்டை விற்றவன் பால் கறப்பதை நிறுத்தியிருக்கலாம். மாடு கறப்பதை நிறுத்தியதா?

அந்த இனியோஸ் கம்பெனியே கூட்டாளிகளுடன் 2023-ல், எண்ணெய் எடுத்துத் தீர்ந்த ஒரு வயலில், கடலடிக்கு 1,800 மீட்டர் கீழே, கரியமில வாயுவைச் செலுத்திப் பரீட்சை செய்தது. எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கும் இந்த வித்தை எண்ணெய்க்காரருக்குத்தான் கைவந்தது. ஆதலால் அவர்களை அடியோடு ஒதுக்கவும் இயலாது. அவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் இயலாது.

இனிப் புதிய உரிமம் இல்லை, 2050-க்குள் எண்ணெய் எடுப்பது முற்றும் நிற்கும் என்று டேனியர் 2020-ல் தீர்மானித்தார்கள். இன்று நம் வகுப்பில் முதல் பெஞ்சியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அப்போது நடுவயதை எட்டிக்கொண்டிருப்பார்கள். தொழிலாளியின் கை மாறுவதற்குச் சில மாதப் பயிற்சி போதும் என்பதை எஸ்பியர்க்கில் கண்டோம். முதலாளியின் கை கிணற்றை விட்டு விலகத்தான் முப்பது வருஷத் தவணை வேண்டியிருக்கிறது.

திரும்புகையில் அந்த நான்கு வெள்ளையுருவங்களையும் மறுபடி பார்த்தோம். இமை கொட்டாமல் காவலிருந்தன. அப்படித்தான் நாமும் இருக்கவேண்டும் என்று தோன்றிற்று.